மூலையில் சிவந்த மஞ்சள்

துணியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள், அம்மா. பயப்படாமல் உட்காருங்கள். ரசீது வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அது போதும். மாற்றித் தருகிற இடத்தில் இருக்கும் பெண் தேநீர் குடிக்கப் போயிருக்கிறாள், வந்ததும் அழைப்பாள். கல்லாவுக்கு மேலே பாருங்கள். 'குறையுள்ள பொருள்களை முப்பது நாள்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், அல்லது பணத்தைத் திரும்பப் பெறலாம்.' சென்ற ஆண்டு வரை அதே இடத்தில் வேறொரு பலகை தொங்கியது. 'விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்பட மாட்டாது.' அதை இறக்க வைத்தவள் நான்.

ஆமாம், நான்தான். என் பெயர் திலகவதி. இந்த ஊர்ப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் வேதியியல் கற்பித்தேன்; கடைசி ஆறு ஆண்டுகள் தலைமையாசிரியை. நான் பேசுவது புத்தகத்தைப் படிப்பது போல இருக்கிறது என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாக்கு அப்படியே நின்றுவிட்டது.

உங்கள் பையில் இருப்பது சுடிதாரா? மகளுக்கா? சரி. அதை அவள் ஒருமுறை உடுத்திப் பார்த்தாளா, வெளியே எங்கேனும் போய்வந்தாளா என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பதை வேண்டுமானால் சொல்கிறேன். முன்பெல்லாம் இந்தக் கதையைப் பெருமைக்காகச் சொல்வேன். அப்போது பாதியில் நிறுத்திவிடுவேன். இன்று முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் பள்ளிக்குப் பொன்விழா வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களை மேடையேற்றிச் சிறப்பிப்பதாக அழைப்பு வந்தது. அதற்கென்று இதே கடையில், முதல் தளத்தில், ஒரு பட்டுப்புடவை எடுத்தேன். சந்தன நிற உடல், அரக்கு நிறக் கரை. எடுத்துக் காட்டியவள் பெயர் செங்கமலம். நாற்பது வயதிருக்கும். பட்டுப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகள் நின்றவள். "இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும் டீச்சரம்மா. மேடையில தூரத்துலேர்ந்து பாத்தாக்கூட கரை தெரியும்" என்றாள். மேடை என்று நான் அவளிடம் சொன்னேனா என்பது நினைவில்லை. சொல்லியிருப்பேன். அப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதுத்துணியின் மூலையில் மஞ்சள் வைத்த பிறகே உடுத்துவது உங்கள் வீட்டிலும் வழக்கமாக இருக்கும். சடங்குகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆயினும் என் தாயார் செய்தார் என்பதற்காக இந்த ஒன்றை விடவில்லை. வாங்கிய அன்றே உள்பக்க மூலையில் மஞ்சளைக் குழைத்து ஒரு பொட்டளவு வைத்தேன். பெட்டியோடு பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி ஆணியில் தொங்கும். வீட்டில் நானும் என் தங்கை சுலோசனாவும் மட்டுந்தான். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. கணவர் காலமான பிறகு, இருபது ஆண்டுகளாக என்னோடு இருக்கிறாள்.

இருபத்திரண்டாம் நாள், விழாவுக்கு முந்தைய நாள், புடவையை எடுத்துப் பிரித்தேன். உள்மடிப்பில் இரண்டு முழத்துக்கு அரக்குச் சாயம் சந்தன நிறத்தில் இறங்கியிருந்தது, வெற்றிலைச் சாறு ஒழுகினாற்போல. விழாவுக்குப் பழைய புடவையொன்றை உடுத்திக்கொண்டு போனேன். மேடையில் என்ன பேசினேன் என்பது எனக்கே தெரியாது. மறுநாள் காலை இந்தக் கடையின் கதவு திறக்கும்போதே வந்து நின்றேன்.

செங்கமலம் புடவையை முழுவதும் விரித்துப் பார்த்தாள். சாயத்தைப் பார்த்தாள். பிறகு மூலையைத் தேடி எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். என் பக்கமாகச் சாய்ந்து, மெல்லிய குரலில் சொன்னாள்:

"டீச்சரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இது சோப்புத் தண்ணி பட்ட புடவை. மஞ்சளப் பாருங்க, செவந்து கெடக்கு. சோப்பு பட்டாத்தான் இப்புடிச் செவக்கும். வீட்ல யாராச்சும் தெரியாம நனைச்சிருப்பாங்க. நான் மேனேஜர்ட்ட சொல்லி, சாயக்காரர்ட்ட குடுத்து முடிஞ்ச மட்டும் சரிபண்ணித் தரச் சொல்றேன்."

மெல்லிய குரலில் சொன்னாள் என்பதை மறக்க வேண்டாம். பக்கத்தில் நின்ற பெண்களுக்குக்கூடக் கேட்காதபடி சொன்னாள். உரக்கப் பேசியவள் நான்.

"நான் உடுத்தித் துவைத்துவிட்டுப் புதியது என்று கொண்டுவந்திருக்கிறேன் என்கிறாயா?"

"அய்யய்யோ, அப்புடிச் சொல்லலீங்கம்மா."

"அது மஞ்சளே அல்ல. குங்குமம். நீ எதுவரை படித்திருக்கிறாய்?"

"எட்டாவது வரைக்கும்மா."

"எட்டாம் வகுப்புப் படித்துவிட்டு மஞ்சளையும் சோப்பையும் பற்றி எனக்குப் பாடம் நடத்துகிறாயா?"

விற்பனைப் பெண்கள் நான்கு பேர் நின்றார்கள். புடவை பார்த்துக்கொண்டிருந்த ஒரு கல்யாண வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒரு மாமி, "நல்லாக் கேட்டீங்க டீச்சர், இவளுங்களுக்கு வாய் ஜாஸ்தி" என்றார். அந்தச் சொல் எனக்கு அப்போது இனித்தது.

மேலாளர் வந்தார். அவர் ஒரு தவறு செய்தார். செங்கமலம் சொன்ன காரணத்தை விட்டுவிட்டு, தம் கடையின் பழைய வழக்கத்தைச் சொன்னார். "மஞ்சள் வெச்ச புடவைய நாங்க எடுக்கறதே இல்லம்மா. மஞ்சள் வெச்சாச்சுன்னா கட்டினதாத்தான் கணக்கு. பில்லுலயும் போட்டிருக்கு பாருங்க, வித்த பொருள் வாபஸ் கிடையாது." அந்த இரண்டு காரணங்களும் எனக்குப் போதுமானவையாக இருந்தன. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிக முறை என்று சட்டம் சொல்கிறது. ரசீதில் கெடு எதுவும் குறிப்பிடவில்லையென்றால் முப்பது நாள். நான் வந்தது இருபத்துநான்காம் நாள். மஞ்சள் வைப்பது வழக்கமே அன்றிப் பயன்பாடு ஆகாது. அவர்கள் பக்கத்திலும் உண்மையாகவே பிழை இருந்தது, அம்மா. அந்தப் பிழையைப் பிடித்துக்கொண்டு நான் என் பிழையைத் தாண்டிப் போனேன்.

பதினொரு பக்கப் புகார். வழக்கறிஞர் இல்லை, நானே எழுதினேன், நானே வாதாடினேன். சுலோசனாவையும் ஒரு வாக்குமூலம் கொடுக்கச் செய்தேன். புடவை பெட்டியை விட்டு வெளியே வரவேயில்லை என்று நானே எழுதி, "இங்கே கையெழுத்துப் போடு" என்றேன். பேனாவை எடுத்தாள்.

"அக்கா" என்றாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லக்கா."

போட்டுவிட்டாள். பேனாவை மூடாமலே வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். முத்திரைத்தாளைக் கண்டு பயப்படுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன். எண்ணிக்கொண்டேன் என்பது சரியான சொல்தான்.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்கமாக எல்லாம் எழுத்தில்தான் நடக்கும். கடைக்காரர்கள் செங்கமலத்தைச் சாட்சியாக அழைத்து வந்திருந்தபடியால், அவளிடம் இரண்டொரு கேள்வி கேட்கத் தலைவர் என்னை அனுமதித்தார். அவள் வெளுத்த நீலப் புடவை உடுத்தி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள், வகுப்பில் எழுப்பி விடப்பட்டவள் போல.

"குங்குமம் எதனால் செய்யப்படுகிறது?"

"கடையில விக்கிறதுங்கம்மா."

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் வருவது குங்குமம். சுண்ணாம்பும் காரம், சோப்பும் காரம். இரண்டும் மஞ்சளைச் சிவக்கச் செய்யும். நீ பார்த்த சிவப்பு எதனால் வந்தது என்று வெறுங்கண்ணால் பார்த்து உன்னால் சொல்ல முடியுமா?"

"அது நனைஞ்ச புடவைங்கம்மா. தொட்டாலே தெரியும்."

"கேட்டதற்கு விடை. முடியுமா, முடியாதா?"

"... முடியாதுங்க."

"அவ்வளவுதான், ஐயா."

அந்த வாதத்தை நானே மெச்சிக்கொண்டேன். அதில் வேதியியல் பிழை ஒன்றும் இல்லை, இப்போதும் இல்லை. செங்கமலம் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. விடை தெரிந்தும் எழுதும் விதம் தெரியாமல் தாளைக் கொடுத்துவிட்டுப் போகிற பிள்ளைகள் அப்படிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு முப்பத்தொரு ஆண்டுகளாக நான் மதிப்பெண் கொடுத்ததில்லை.

வென்றேன். புடவையின் விலை, மன உளைச்சலுக்கு இழப்பீடு, அந்தப் பலகையை அகற்ற வேண்டும் என்ற உத்தரவு. அதோடு ஒரு வரியும் சேர்ந்திருந்தது: மூத்த குடிமகள் ஒருவரின் நேர்மையை விற்பனைப் பெண் ஆதாரமின்றி ஐயுற்றது வருந்தத்தக்கது. நாளிதழ் அந்த வரியைத்தான் பெரிதாகப் போட்டது. அவள் பெயரையும் போட்டது. நான் அந்தச் செய்தியைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டினேன். அதைப் பார்த்துவிட்டு ஊரார் என்னிடம் வரத் தொடங்கினார்கள். மிக்ஸி, கைப்பேசி, கட்டில் என்று எட்டுப் பேருக்குப் புகார் எழுதிக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னீர்களா என்று ஒவ்வொருவரையும் கண்டிப்பாகக் கேட்ட பிறகுதான் எழுதினேன்.

அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்கு எதிரே உட்கார்ந்து சுலோசனா ஆறு மாதம் சாப்பிட்டாள். ஒருநாள் காலை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், தலை நிமிராமல், "அக்கா, அந்தப் புடவைய ஒருநாள் நான் கட்டிட்டேன்" என்றாள்.

அந்த நேரத்தில் ஒரு மனுஷி என்ன கேட்பாள்? நான் கேட்டது இது:

"சீயக்காயா, சோப்பா?"

"சோப்புக்கா. பாத்திரம் தேய்க்கிற சோப்பு. பாயசம் கொட்டிருச்சு."

நான் கண் பரிசோதனைக்காகத் தஞ்சாவூர் போயிருந்த நாள். அவள் சிநேகிதியின் மகளுக்கு வளைகாப்பு. "சும்மா மேல வெச்சு கண்ணாடியில பாக்கலாம்னுதான்க்கா எடுத்தேன். கட்டிப் பாத்தேன். அவுக்க மனசு வரல. அப்புடியே போயிட்டேன்" என்றாள். அவளுக்குப் பட்டு இல்லாமல் இல்லை, அம்மா. நான் உடுத்தி ஓய்ந்த பட்டெல்லாம் அவளுக்குத்தான். எட்டுப் புடவைகள் வைத்திருக்கிறாள். அப்படியிருக்க இதை ஏன் தொட்டாள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"அப்போதே ஏன் சொல்லவில்லை?"

"நீங்க கேக்கலியேக்கா."

நீங்கள் தலையாட்டுவதைப் பார்த்தால் எல்லாம் அவளால் வந்தது என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. சில நாள் நானும் அப்படித்தான் நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்பு நிற்கவில்லை. எங்கள் வீட்டில் புதுத்துணிக்குக் குங்குமம் வைப்பதில்லை. மஞ்சள் மட்டுந்தான். செங்கமலம் அந்த மூலையைத் தூக்கிக் காட்டிய கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மஞ்சள் தடவிய தாளில் சோப்புத் தண்ணீர் விட்டால் சிவக்கும் என்பதை எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியிருப்பேன்! யார் நனைத்தார்கள் என்பது தெரியாது. நனைந்தது தெரியும். வீட்டில் இருப்பவள் ஒருத்தி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லிவிடுவாள் என்பதனால் கேட்கவில்லை.

சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். ஆணையத்துக்குப் போனேன். எழுத்தர், "என்னம்மா, பணம் இன்னும் வரலியா?" என்றார்.

"வந்துவிட்டது. நான் பொய் சொல்லி வென்றேன். உத்தரவை மாற்ற வேண்டும்."

பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தார். "தோத்தவங்கதாம்மா அப்பீல் போவாங்க. ஜெயிச்சவங்க எதுக்குப் போவாங்க? அதுக்கெல்லாம் ஃபாரம் கெடையாது. துணைக்கு யாரும் வந்திருக்காங்களா?" என்றார். என் மூளை கலங்கிவிட்டது என்று முடிவு செய்தவர் போல, மாடிப்படி வரை கூடவே வந்து விட்டுப் போனார்.

இந்தக் கடையின் முதலாளியிடம் வந்து பணத்தை மேசைமேல் வைத்தேன். அவர் தொடவில்லை. "அத எப்பவோ மறந்தாச்சும்மா. பலகைய மாத்தின பெறகு யாவாரம் கூடித்தான் இருக்கு. உங்களுக்கு நாங்க நன்றி சொல்லணும்."

"செங்கமலம்?"

"அதுவா, நின்னுருச்சு."

"நின்றாளா, நிறுத்தினீர்களா?"

காபி வரவழைத்தார்.

இந்த மன்னார்குடியில் எனக்குத் தெரியாத தெரு இல்லை என்று நினைத்திருந்தேன். அவள் தெருவை மூன்று இடத்தில் விசாரித்துத்தான் போனேன். வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து யாருடைய புடவைக்கோ ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க டீச்சரம்மா" என்றாள். பழக்கம், அவ்வளவுதான். நான்கு கடைகளில் வேலை கேட்டிருக்கிறாள். "பேப்பர்ல வந்த பொம்பளதான நீன்னு கேக்குறாங்கம்மா. கஸ்டமர்மேல பழி போடுறவன்னு பேராயிருச்சு" என்றாள். அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. விலை சொல்வது போலச் சொன்னாள்.

நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்ட இரண்டு பக்கத்தை அவளிடம் நீட்டினேன். உண்மை முழுவதும் அதில் இருந்தது. ஒரு பிழை கிடையாது. கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முன்னும் பின்னும் புரட்டினாள். என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இத வெச்சு நான் என்ன பண்றதும்மா? கடை கடையாக் கொண்டுபோயிப் படிச்சுக் காட்டவா?"

"பிறகு என்னதான் வேண்டும்? பணமா?"

அப்படித்தான் கேட்டேன். அங்கே போயும் அப்படித்தான் கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். "பணத்த யாரு கேட்டா? எந்த எடத்துல வெச்சு என்ன படிச்சிருக்கேன்னு கேட்டீங்களோ, அந்த எடத்துல வெச்சுச் சொல்லுங்க. அந்தப் புள்ளைங்க இருக்கணும். சத்தமாச் சொல்லுங்க. போதும்."

"நீயும் வருகிறாயா?"

"நான் எதுக்கு? நீங்க சொன்னா சாயங்காலத்துக்குள்ள கடைத்தெரு பூரா தெரிஞ்சுரும். எங்க ஆளுங்க வாயப் பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே." பிறகு, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "பந்தலடிக்கிட்ட புதுசா ஒரு கடை தொறக்குறாங்க. பட்டுக்கு ஆளு எடுக்குறாங்க, வெள்ளிக்கெழம. அதுக்குள்ள சொன்னீங்கன்னா நல்லது" என்றாள்.

இன்று வியாழன்.

திங்களன்று வந்தேன். முதல் தளத்துக்கு ஏறினேன். அந்த நான்கு பேரில் ஒருத்தி, "வாங்க டீச்சர், என்ன பாக்குறீங்க?" என்றாள். ரவிக்கைத் துணி என்றேன். ஒன்றரை மீட்டர் கிழித்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். நேற்று வந்து, இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனேன். இரண்டாயிரம் பிள்ளைகள் முன்னால் ஒலிபெருக்கி இல்லாமல் பேசியவள் நான். என்ன சொல்ல வேண்டும் என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன். முதலில் ஒரு பக்கம் இருந்தது. சூழ்நிலை, என் வயது, தங்கையின் செயல் என்றெல்லாம். அடித்து அடித்து ஆறு சொல்லுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். செங்கமலம் சொன்னது சரி. நான் பொய் சொன்னேன். அவ்வளவுதான்.

உங்களிடம் சொன்னது எளிதாகத்தான் இருந்தது. நீங்கள் வேற்றூர்; அந்தப் பையை மாற்றிக்கொண்டு பேருந்து ஏறிவிடுவீர்கள். இது கணக்கில் வராது.

தேநீர் குடிக்கப் போன பெண் வந்துவிட்டாள், உங்களைத்தான் அழைக்கிறாள். போகலாம், ஆனால் சற்றுப் பொறுங்கள். ஐந்து நிமிடத்தில் சுடிதார் எங்கும் ஓடிவிடாது. என்னோடு மாடிக்கு வாருங்கள். கையைப் பிடிக்க வேண்டாம், எனக்குப் படியேறத் தெரியும். ஓரடி பின்னால் நில்லுங்கள். நான் அங்கே போய் எதையாவது எடுத்துக் காட்டச் சொன்னேனென்றால், 'டீச்சர், நீங்கள் அதற்காக வரவில்லையே' என்று கேட்டுவிடுங்கள். உரக்கக் கேளுங்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். அந்தப் பெண்களுக்குக் கேட்க வேண்டும்.